சத்துவாச்சாரியில் ஒரு லடாக் ஜன்னல்

ஒரு விடுகதை போடுகிறேன். அவசரப்படாமல் யோசியுங்கள்.

கையில் இருப்பது ஒரே ஒரு தீக்குச்சி. கிழித்தால் எதிரே நாலு சுடர் எரிகிறது. மூன்று சுடர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி ஒரே நிறம். ஒன்று மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி வேறு நிறம். அது என்ன?

கண்ணாடி என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. பாதி விடை சரி. மீதிப் பாதி வேலூரில், சத்துவாச்சாரியில், ஒரு மாடி அறையில் இருக்கிறது. வாருங்கள், போவோம்.

வேலூரில் வீடு கட்டுகிறவர்களுக்குச் சுலோச்சனா மேஸ்திரியைத் தெரியாமல் இருக்காது. ஜன்னல் வைப்பது அவர் தொழில். வயது முப்பத்தாறு. பேச்சு குறைவு. அவரிடம் வேலை கற்க வந்த சிஷ்யர் ஏகாம்பரத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். லடாக்கில் ஏழு குளிர்காலம், பனிக்கு நடுவே, சிப்பாய்கள் தங்கும் குடில்களுக்கு இரட்டைக் கண்ணாடி ஜன்னல் பொருத்தியவர்.

குரு சிஷ்யரை ‘அண்ணா’ என்பார். சிஷ்யர் குருவை ‘மேஸ்திரி’ என்பார். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வராது.

ஒன்றரை வருடமாக ஏகாம்பரம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒன்றுதான்.

“மேஸ்திரி, நான் எப்போ தனியா ஒரு ஜன்னல் வைக்கலாம்?”

மேஸ்திரி, மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை நீட்டுவார். “இப்போ இதைப் பிடிங்க அண்ணா.”

ஏகாம்பரம் பிடிப்பார். பிடித்த கை நடுங்காது. உள்ளே மட்டும் கொஞ்சம் புகையும்.

கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், எஸ்தர் சிஸ்டர் பட்டறைக்கு வந்தார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். கூடவே மகள் ஜெசிந்தா. ஒன்பது வயது. பள்ளிக்கு விடுமுறை.

“ஜன்னல் மாத்தணும் மேஸ்திரி. எனக்கு எப்பவும் நைட் டியூட்டி. பகல்லதான் தூங்கணும். தூங்க முடியல.”

“ஏசி இல்லீங்களா?” என்றார் ஏகாம்பரம்.

“இருக்கு. அது பாட்டுக்கு ஓடுது. ரூம் பாட்டுக்குக் கொதிக்குது.”

“அம்மா ஊசி ட்ரேயைக் கையில வெச்சுக்கிட்டே, நின்னபடியே தூங்கிட்டாங்க,” என்றாள் ஜெசிந்தா.

“ஏய், சும்மா இரு.”

“நீதானே சொன்னே.”

எஸ்தர் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். “போன வாரம். பக்கத்துல இருந்த பொண்ணு தோளைத் தொட்டா. நல்லவேளை, ஊசி போடறதுக்கு முன்னாடி.”

மேஸ்திரி முகவரி கேட்டுக் குறித்துக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு மேஸ்திரியும் ஏகாம்பரமும் அந்த வீட்டுக்குப் போனார்கள். மாடியில் ஒரு அறை. மேற்குச் சுவரில் இரண்டு ஜன்னல்கள், பக்கம் பக்கமாக. பழைய இரும்புச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. கண்ணாடி மேல் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. தாளும் வெந்து சுருண்டிருந்தது. கட்டிலை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டிருந்தார்கள்.

ஏகாம்பரம் அளவு நாடாவை உருவினார். மேஸ்திரி கட்டிலில் உட்கார்ந்தார். அளக்கவில்லை. சும்மா உட்கார்ந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. நெற்றியிலிருந்து வியர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது.

“அம்மா இங்கயா படுப்பாங்க?” என்று ஜெசிந்தாவைக் கேட்டார்.

“இல்ல ஆன்ட்டி. கீழே, சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல. தரையில பாய் போட்டு. நான் தண்ணி குடிக்கணும்னா அம்மாவைத் தாண்டித்தான் போகணும்.”

“தாண்டினா எழுந்துக்குவாங்களா?”

“எழுந்துக்குவாங்க. அதனால நான் தண்ணி குடிக்கமாட்டேன்.”

மேஸ்திரி எழுந்து அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

எந்த ஜன்னல் வைப்பது என்று பேச்சு வந்தது.

“பக்கத்து வீட்டுல தள்ளுற ஜன்னல் வெச்சிருக்காங்க. பாக்க அழகா இருக்கு,” என்றார் எஸ்தர் சிஸ்டர்.

“தள்ளுறதுல நடுவுல இடுக்கு இருக்கும் சிஸ்டர். சூடு அதுல நுழையும். கதவு மாதிரி உள்பக்கம் திறக்கறது வைப்போம். மூடினா ரப்பர்ல அழுந்தி உட்காரும்.”

“கண்ணாடி மூணு அடுக்கு போடலாம் மேஸ்திரி,” என்றார் ஏகாம்பரம். “லடாக்குல மைனஸ் இருபத்தஞ்சு. அதுக்கே ரெண்டு அடுக்கு போட்டோம். இந்த வெயிலுக்கு ஒண்ணு கூடவே இருக்கட்டும்.”

“ரெண்டு போதும். நடுவுல காத்து அடைச்சது. வெயிலைத் திருப்பி அனுப்பற பூச்சு ஒண்ணு, கண்ணுக்குத் தெரியாது, அது பூசினது.”

“வெளிச்சம் வருமா?” என்றாள் ஜெசிந்தா.

“வரும். திரை போட்டா இருட்டும் வரும்.”

கீழே இறங்கும்போது மேஸ்திரி படியில் நின்றார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

“அண்ணா, இது உங்க ஜன்னல். ரெண்டும்.”

ஏகாம்பரம் அடுத்த படியை ராணுவ நடையில் இறங்கினார்.

கண்ணாடியும் சட்டமும் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர மூன்று வாரம் பிடித்தது. வந்த அன்று காலை ஏகாம்பரம் இஸ்திரி போட்ட பேண்ட்டை மாட்டினார். அவர் மனைவி கற்பகம் வாசல்வரை வந்து பார்த்தாள்.

“பொண்ணு பாக்கப் போறீங்களா, ஜன்னல் வைக்கப் போறீங்களா?”

“இன்னைக்கு என் ஜன்னல்டி.”

“ஓகோ. அதான் மீசை ரெண்டு பக்கமும் மட்டமா இருக்கு. ரசமட்டம் வெச்சுப் பாத்தீங்களா?”

எஸ்தர் சிஸ்டர் மூன்று நாள் லீவு போட்டிருந்தார். முதல் நாள் ஏகாம்பரம் வலப்பக்க ஜன்னலை எடுத்துக்கொண்டார். பழைய சட்டத்தைச் சுவர் உதிராமல் பெயர்த்தார். புதிய சட்டத்தை நிறுத்தி, குறுக்கும் நெடுக்கும் அளந்தார். ஒரு மூலைக்கும் எதிர் மூலைக்கும் உள்ள தூரம் இரண்டு பக்கமும் ஒன்றேபோல் வந்தது. நூல் பிசகவில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தார். அதுவும் அப்படியே.

பிறகு கண்ணாடியைப் பிரித்தார். இரண்டு கண்ணாடிகளை இடைவெளி விட்டு ஒட்டிய ஒரே பலகை அது. ஒரு முகத்தில், ‘இந்தப் பக்கம் வெளியே’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது.

ஏகாம்பரம் நெற்றியைச் சுருக்கினார். மாடிப்படியின் இருட்டில் அதைச் சாய்த்து வைத்து, லைட்டரை ஏற்றிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத பூச்சு எந்தக் கண்ணாடியில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது. தாள் சொல்கிறபடி வைத்தால் அது வெளிக் கண்ணாடியில் வரும்.

“தப்பு,” என்றார் வாய்விட்டு. “பூச்சு உள் கண்ணாடியில வரணும். ஒட்டுற பசங்க மாத்தி ஒட்டிட்டானுங்க.”

ஏழு குளிர்காலம் அவர் கை அப்படித்தான் வைத்திருந்தது. கைக்குச் சந்தேகமே வரவில்லை. தாளைக் கிழித்துச் சுருட்டி எறிந்தார். கண்ணாடியைத் திருப்பிப் பொருத்தினார். சுற்றி இருந்த ரப்பரே போதும். ஆனாலும் அந்தப் பனிக்காற்றின் நினைப்பில், உள்ளும் புறமும் சிலிக்கான் பசையை ஒரே இழுப்பில் இழுத்துவிட்டார். பசைக்கோடு அச்சில் வார்த்த மாதிரி இருந்தது.

பொழுது சாய்ந்த பிறகு மேஸ்திரி வந்தார். எஸ்தர் சிஸ்டர் காபியோடு எதிர்கொண்டார்.

“மேஸ்திரி, இந்தப் பக்கம் தெரு சத்தமே இல்ல. மூடினா காதை மூடின மாதிரி இருக்கு. அண்ணன் கை தங்கக் கை.”

ஏகாம்பரம் விறைப்பாக நின்றார்.

மேஸ்திரி சட்டத்தின் விளிம்பில் விரலை ஓட்டினார். திறந்தார். மூடினார். பிடி சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மறுபடியும் அளந்து பார்த்தார்.

“என் கையில இவ்வளவு சுத்தம் வராது,” என்றார்.

அவர் அப்படியெல்லாம் சொல்கிறவர் இல்லை.

அப்போது மேஸ்திரி தரையில் கிடந்த காகித உருண்டையை எடுத்தார். பிரித்துப் படித்தார். எஸ்தர் சிஸ்டரிடம் தீப்பெட்டி வாங்கினார். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் முன்னால் ஒரு குச்சியைக் கிழித்தார்.

“பாப்பா, கண்ணாடியில எத்தனை சுடர் தெரியுது?”

“நாலு!”

ஆம். இரண்டு கண்ணாடி, நாலு முகம். முகத்துக்கு ஒரு சுடர்.

“எல்லாம் ஒரே நிறமா?”

ஜெசிந்தா மூக்கைக் கண்ணாடியில் இடிக்காத குறையாகப் பார்த்தாள். “இல்ல. ஒண்ணு மட்டும் ஊதாவா இருக்கு.”

“நம்ம பக்கத்துல இருந்து எண்ணினா எத்தனாவது?”

“ரெண்டாவது.”

பூச்சு பூசிய முகம்தான் ஊதாவாகத் தெரியும்; இரண்டாவது என்றால் அது உள் கண்ணாடி. மேஸ்திரி குச்சியை ஊதி அணைத்தார்.

“அண்ணா, நாளைக்கு அடுத்த ஜன்னலை நான் வைக்கிறேன். நீங்க பிடிங்க.”

ஏகாம்பரத்தின் முகம் மாறியது. “ரெண்டும் என் ஜன்னல்னு சொன்னீங்களே. இதுல என்ன தப்பு?”

“வெச்ச வேலையில ஒரு தப்பும் இல்லை அண்ணா.”

மேஸ்திரி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். ஏகாம்பரமும் கிளம்பினார். வீட்டுக்குப் போனதும் கற்பகம், “ஜன்னல் எப்படி?” என்று கேட்டாள். “நேரா நிக்குது,” என்றார். அவர் நேராக நிற்கவில்லை.

இரண்டாம் நாள் மேஸ்திரி இடப்பக்க ஜன்னலை வைத்தார். தாள் சொன்னபடி வைத்தார். பசை இழுக்கவில்லை. ரப்பரோடு விட்டார். ஏகாம்பரம் பிடிக்கச் சொன்னதைப் பிடித்தார். மனதுக்குள் மட்டும், இவருக்குக் குளிர் என்றால் என்ன தெரியும், என்று சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள். மணி மூன்றரை. வெயில் மேற்குச் சுவரில் முழு முகத்தையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது. மேஸ்திரி ஜெசிந்தாவைக் கூப்பிட்டார்.

“ஒரு கையை இதுல வை. இன்னொரு கையை அதுல வை.”

ஜெசிந்தா இரண்டு ஜன்னல்களுக்கும் நடுவே கைகளை விரித்து நின்றாள்.

“அங்கிள் வெச்சது சுடுது. ஆன்ட்டி வெச்சது சும்மா இருக்கு.”

“சரியாப் பாரு,” என்றார் ஏகாம்பரம்.

“சரியாத்தான் பாத்தேன். நீங்களே வெச்சுப் பாருங்க.”

ஏகாம்பரம் வைத்துப் பார்த்தார்.

கையை எடுக்கவில்லை. அப்படியே நின்றார். லடாக் குடிலில், விடியற்காலையில், இதே மாதிரி உள் கண்ணாடியில் கை வைத்து இளஞ்சூட்டை உணர்ந்து சந்தோஷப்பட்டவர் அவர். பூச்சு உள் கண்ணாடியில் இருக்கும் அந்த ஜன்னலின் வேலையே சூட்டை உள்ளே பூட்டி வைப்பதுதான்; பூச்சு வெளிக் கண்ணாடியில் இருந்தால்தான் வெயில் அங்கேயே திரும்பிப் போகும். இந்த ஜன்னலும் அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. ஒழுங்காக. ஒரு குறையும் இல்லாமல்.

“மேஸ்திரி, முந்தாநாளே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா?”

ஏகாம்பரம் யோசித்தார். பொய் சொல்ல வரவில்லை. “தாள் ஒட்டினவன் மேலதான் தப்புன்னு உங்ககிட்ட சண்டை போட்டிருப்பேன்.”

“இது நல்ல ஜன்னல் அண்ணா. லடாக்குல இருக்கவேண்டிய ஜன்னல்.”

எஸ்தர் சிஸ்டருக்கு விஷயம் புரிந்தது. கையை ஆட்டினார். “விடுங்கண்ணா. முன்ன இருந்ததுக்கு இது சொர்க்கம். கொஞ்சம் சூடுதானே? நான் சமாளிச்சுக்குவேன்.”

“கழட்டித் திருப்ப முடியாதா?” என்றாள் ஜெசிந்தா.

“முடியும். ஆனா சுத்தி பசை போட்டுத் தொலைச்சுட்டேனே. அறுத்து எடுக்கும்போது உடையலாம்.”

“உடைஞ்சா?”

“புதுசு வர மூணு வாரம்.”

“அதுவரைக்கும் ஓட்டையா?”

“பலகை அடிச்சு மூடணும்.”

“நாளை ராத்திரி டியூட்டில சேரணும் எனக்கு,” என்றார் எஸ்தர் சிஸ்டர் மெதுவாக. “வேணாம்ணா. உடைஞ்சா மறுபடியும் கீழே பாய்தான்.”

ஏகாம்பரம் குருவைப் பார்த்தார். மேஸ்திரி ஒரு மூலையில் உட்கார்ந்து மின்வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவர் கண் வயரில் இருந்தது.

விட்டுவிடலாம். வீட்டுக்காரரே வேண்டாம் என்கிறார். பார்க்கிறவர் யாருக்கும் தெரியாது. நூல் பிசகாத சட்டம், அச்சில் வார்த்த பசைக்கோடு. படம் எடுத்துக் கற்பகத்துக்குக் காட்டலாம்.

“சிஸ்டர்,” என்றார் ஏகாம்பரம். “முன்ன இருந்ததை விட நல்லா இருக்கு, சரி. முன்ன இருந்ததை விட நல்லதாக் குடுங்கன்னு நீங்க கேட்டு வரல. தூங்கணும்னு கேட்டு வந்தீங்க.”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

கண்ணாடி பொருத்திய கதவை மட்டும் கீலிலிருந்து விடுவித்து, கட்டிலில் கிடத்தினார். ஓட்டை வழியாக வெயில் அறைக்குள் கொட்டியது. மெல்லிய கத்தியால் பசையை அறுக்க ஆரம்பித்தார். ஒரு அங்குலம். அடுத்த அங்குலம். தான் பெருமையாக இழுத்த கோடு ஒவ்வொன்றையும் தானே அறுத்தார். ஒரு பக்கம் முடிய முக்கால் மணி ஆயிற்று. நாலு பக்கமும் முடிந்தபோது கத்தி பிடித்த விரல்கள் விரியவில்லை.

இனி கண்ணாடியைத் தூக்கித் திருப்ப வேண்டும். ஏகாம்பரம் ஒரு விளிம்பில் கை கொடுத்தார். எங்கோ ‘கிரீச்’ என்றது. கையை எடுத்துவிட்டார். மறுபடியும் கொடுக்கத் துணிவு வரவில்லை.

“தள்ளுங்கண்ணா,” என்றார் எஸ்தர் சிஸ்டர். “முதுகு ஒடிஞ்ச பேஷன்ட்டை நாங்க தினம் திருப்பறோம். ஓரத்தைப் பிடிச்சுத் தூக்கவே கூடாது.”

பீரோவிலிருந்து கெட்டியான படுக்கை விரிப்பை எடுத்துவந்தார். சுருட்டி, கண்ணாடிக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக நுழைத்தார். மேஸ்திரியை ஒரு மூலையிலும் ஏகாம்பரத்தை ஒரு மூலையிலும் நிறுத்தினார். மற்ற இரண்டு மூலைகளையும் தானே பிடித்தார்.

“நான் மூணு சொல்றப்போ. யாரும் தனியா இழுக்கக்கூடாது. மூச்சு விடாதீங்க. ஒண்ணு. ரெண்டு. மூணு.”

கண்ணாடி எழுந்தது. பக்கவாட்டில் நின்றது. மறுபுறம் சாய்ந்து, விரிப்பின்மேல் தூங்குகிறவரைப்போலப் படுத்தது.

“பேஷன்ட் எப்படி?” என்றாள் ஜெசிந்தா.

ஏகாம்பரம் குனிந்து நாலு விளிம்பையும் பார்த்தார். “கீறல்கூட இல்லை.”

இந்தத் தடவை பசை இழுக்கவில்லை. ரப்பரை மட்டும் அழுத்திவிட்டு, கதவைக் கீலில் மாட்டினார். மட்டம் பார்த்தார். பழைய இடத்திலேயே நின்றது. வெளியே இருட்டிவிட்டது. விளக்கை அணைத்துவிட்டுக் குச்சியைக் கிழித்தார்.

“பாப்பா, எண்ணு.”

“ஒண்ணு, ரெண்டு...” ஜெசிந்தா குதித்தாள். “மூணாவதுதான் ஊதா! மூணாவது!”

“ஆன்ட்டி வெச்சதுல?”

அங்கேயும் ஒரு குச்சி. “அதுலயும் மூணாவது.”

ஏகாம்பரம் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். கசங்கிய பேண்ட், வியர்வை காய்ந்த முகம், ஒரு பக்கம் தொங்கிய மீசை. ஆனால் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி நின்றார்.

“மேஸ்திரி, இப்பவாவது சொல்லுங்க. நான் தனியா ஜன்னல் வைக்கலாமா?”

மேஸ்திரி கருவிப் பையைத் தோளில் மாட்டினார்.

“என்னை ஏன் கேக்கறீங்க அண்ணா? நானா இங்க தூங்கப் போறேன்?”

எஸ்தர் சிஸ்டர் சிரித்தார். எல்லோருமாகக் கட்டிலை மேற்குச் சுவரோரம் தள்ளினார்கள். ஒரு முனைக்கு மேலே மேஸ்திரி வைத்த ஜன்னல். மறுமுனைக்கு மேலே ஏகாம்பரம் வைத்த ஜன்னல்.

“தலை எந்தப் பக்கம் வைக்கட்டும்?” என்று எஸ்தர் சிஸ்டர் மகளைக் கேட்டார்.

ஜெசிந்தா தலையணையை எடுத்துவந்தாள். ஏகாம்பரத்தின் ஜன்னலுக்குக் கீழே வைத்தாள்.